இளங்கன்றுப் பராமரிப்பும் சீம்பாலின் அவசியமும்

மதுரை நகரைச் சூழ்ந்த மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய பகுதிகளில், பயிர்த்தொழிலுக்கு அடுத்தபடியாகக் குடியானவர்களுக்குக் கைகொடுப்பது பால்மாடேயாகும். மழை பொய்த்த வருஷத்திலும் கிராமப் பால் சங்கத்தில் ஊற்றும் பாலே குடும்பச் செலவுக்கு ஆதாரமாக நிற்கிறது. ஆயினும், கறவைப் பசுவுக்குப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் குறைவின்றி வைக்கும் குடும்பங்கள் சிலவற்றில், அப்பசு ஈன்ற கன்று கவனிப்பாரின்றி விடப்படுகிறது. இன்று பிறந்த கிடாரிக் கன்று ஏறக்குறைய மூன்று வருஷங்களில் கறவைக்கு வரவேண்டிய பசு என்பதை மறத்தலாகாது. அது மாண்டால், பின்னர் வரவேண்டிய பாலும் அதன் வழித்தோன்றல்களும் சேர்ந்தே நஷ்டமாகும்.

இளங்கன்றின் ஆயுள் பெரும்பாலும் அதன் முதல் நாளிலேயே நிர்ணயமாகிறது. மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலிருக்கும்போதே நோயெதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதியைப் பெற்றுவிடுகிறது. பசு, எருமை ஆகியவற்றின் கன்றுகளுக்கோ அவ்விதம் கிடைப்பதில்லை. அவை பிறந்தபின் குடிக்கும் சீம்பாலின் மூலமாகவே அதனைப் பெறவேண்டும். சீம்பாலிலுள்ள எதிர்ப்புப் பொருள்களை அப்படியே இரத்தத்தில் ஏற்கும் தன்மை கன்றின் குடலுக்குச் சில மணி நேரமே உண்டு. அது மணிக்கு மணி குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் முற்றும் நின்றுவிடும். அதற்குப் பின் எவ்வளவு சீம்பால் கொடுப்பினும் இப்பயன் கிட்டாது.

நஞ்சுக்கொடி விழுந்த பின்னரே கன்றை ஊட்டவிட வேண்டுமென்னும் வழக்கம் பல கிராமங்களில் உண்டு. நஞ்சுக்கொடி விழுவதற்குச் சில வேளைகளில் 12 மணி நேரம்வரை ஆகலாம். அதுவரை கன்றைக் கட்டிவைத்தால், சீம்பாலின் சக்தியில் பெரும்பகுதி அதற்கு எட்டாமற்போகும். கன்று ஊட்டுவதனால் தாய்க்கு யாதொரு தீங்குமில்லை. மடியில் கன்றின் வாய் பட்டால் கருப்பை சுருங்கி, நஞ்சுக்கொடி விழுவதற்கும் அது துணைசெய்யும்.

ஆகையால் கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள், மடியைச் சுத்தமான நீரால் கழுவித் துடைத்து, ஊட்டவிட வேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்திலொரு பங்கு சீம்பால் சேரவேண்டும். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு இரண்டரை லிட்டர் எனக் கணக்கிடலாம். இதிற் பாதியை முதல் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், மீதியைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளும் கொடுத்தல் நலம். எழுந்து நிற்க வலுவில்லாத கன்றுக்குப் பாலைக் கறந்து, விரலைச் சப்பச்செய்து மெதுவாகப் புகட்டலாம். மூங்கில் குழாயால் தொண்டையில் ஊற்றினால் பால் நுரையீரலிற் புகுந்து உயிருக்கே அபாயமாகும்.

சீம்பாலைக் காய்ச்சி வெல்லமிட்டு உண்பதும், அண்டை வீடுகளுக்கு அனுப்புவதும் கிராமத்து வழக்கம். கன்று வயிறார உண்டபின் மிஞ்சியதை அவ்வாறு பயன்படுத்துவதில் குற்றமில்லை. சூடுபட்டால் திரிந்துவிடுமாதலால், ஈன்ற சில நாட்கள்வரை இப்பாலைச் சங்கத்தில் ஊற்றலாகாது. மிஞ்சிய சீம்பாலைச் சுத்தமான பாத்திரத்தில் குளிர்பெட்டியின் உறைபனி அறையில் வைத்தால் பல மாதங்கள் கெடாது. தாயை இழந்த கன்றுக்கு வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை வைத்து உருக்கிக் கொடுக்கலாம், கொதிக்கவைத்தால் பயனழியும். சங்கத்து அங்கத்தினர் இவ்வாறு சேமித்து ஒருவருக்கொருவர் உதவினால், ஒரு வீட்டின் மிச்சம் மற்றொரு வீட்டின் கன்றைக் காக்கும்.

சீம்பாலுக்கு அடுத்தது தூய்மை. கன்று பிறந்தவுடன் மூக்கிலும் வாயிலுமுள்ள கோழையைத் துடைத்துவிட வேண்டும். தொப்புள்கொடியை உடலிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுச் சுத்தமான நூலாற் கட்டி, அதற்குக் கீழே அறுத்து, டிங்சர் அயோடினில் நனைக்க வேண்டும். சாணமோ சாம்பலோ அப்பினால் அவ்வழியே நோய்க்கிருமி புகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொழுவத்தின் தரை ஈரமானால் கழிச்சலும் சளிக்காய்ச்சலும் தோன்றும். எனவே மேடான இடத்தில் உலர்ந்த வைக்கோல் பரப்பிக் கன்றைக் கட்டுக.

கழிச்சல் கண்ட கன்று பெரும்பாலும் உடலின் நீர் வற்றியே மடிகிறது. ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி கொடுக்க வேண்டும். பாலை அடியோடு நிறுத்தலாகாது. கண் குழிவிழுந்தாலும், கழிச்சலில் இரத்தம் கண்டாலும், 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்துக் கால்நடை வைத்தியரின் உதவியை உடனே நாடவேண்டும்.

பிறந்த பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் குடற்புழு மருந்தும், பின் ஆறு மாதம்வரை மாதந்தோறும் வைத்தியர் சொல்லும் அளவும் கொடுத்தல் வேண்டும். எருமைக் கன்றுகளுக்குத் தாய்ப்பாலின் வழியாகவே உருண்டைப்புழு சேருமாதலால் இது மிகவும் அவசியம். நான்காம் மாதத்தில் கோமாரித் தடுப்பூசி போட்டு, ஆறு மாதத்துக்கொருமுறை தொடரவேண்டும். கிடாரிக் கன்றுகளுக்கு மட்டும் நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசி ஒருமுறை போடவேண்டும். இவ்விரண்டுக்குமான தேசியத் திட்டம் 2019-ஆம் ஆண்டில் தொடங்கிற்று.

ஒருகாலத்தில் மந்தை மந்தையாக மாடுகளை மாய்த்த வெக்கை நோய், தடுப்பூசியின் பலத்தால் 2011-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அப்பெரும் நோயையே வென்ற முறை நம் தொழுவத்துக் கன்றையும் காக்கவல்லது. ஆயினும் எந்த ஊசிக்கும் முந்தியது முதல் மணி நேரத்துச் சீம்பால். அதற்குக் காசு செலவில்லை. காலந்தாழ்த்தாத கவனம் ஒன்றே வேண்டும்.