அடுப்பேறாத கோப்பி

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், களுதாவளைக்கு அயலில் அமைந்துள்ளது தேற்றாத்தீவு என்னும் கிராமம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டிற்கும் இடையே மணற்பாங்கான நிலமும் தென்னையும் தோட்டப் பயிரும். கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலாலும் புனித யூதா ததேயு திருத்தலத்தாலும் பெயர் பெற்ற இவ்வூருக்கு, முன்னாளில் இங்கு மலிந்திருந்த தேற்றா மரங்களினாலேயே இப்பெயர் வாய்த்தது என்பர்.

தேற்றா மரத்தின் கொட்டைக்கு ஓர் அரிய குணம் உண்டு. கலங்கிய நீரை ஊற்றுவதற்கு முன் மண்குடத்தின் உட்புறத்தில் அக்கொட்டையைத் தேய்த்து விட்டால், நீரில் மிதக்கும் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீர் நிற்கும். சங்க நூலாகிய கலித்தொகையிலேயே இச்செய்தி உவமையாக வந்துள்ளது என்றால், இவ்வழக்கத்தின் பழைமையைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரு மண்பாத்திரம், குளிர்ந்த நீர், சற்றுப் பொறுமை: இம்மூன்றையும் கொண்டே நம் முன்னோர் நீரைத் தேற்றினர். இதே மூன்றையும் கொண்டு நல்ல கோப்பியும் தயாரிக்கலாம் என்பதே இக்கட்டுரையிற் கூற வந்த செய்தி. தூளைக் கொதிநீரில் இடாமல், ஆறிய நீரில் இரவு முழுவதும் ஊறவைத்துக் காலையில் வடித்தெடுக்கும் முறை இது. யப்பானிலும் அமெரிக்காவிலும் இம்முறை நெடுநாளாக வழக்கில் உள்ளது. அமெரிக்கரான டொட் சிம்சன் என்பவர் இதற்கென்றே ஒரு வீட்டுக் கருவியை 1964ஆம் ஆண்டில் உருவாக்கினார். இன்று கொழும்பு உணவகங்களில் இக்கோப்பிக்கு உயர்ந்த விலை கேட்கிறார்கள். ஆயினும் இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

நமக்குப் புதியதன்று

கோப்பி நம் நாட்டிற்கு அந்நியமான பண்டமன்று. 1820களில் கம்பளைப் பக்கத்தில் பெருந்தோட்டப் பயிராகத் தொடங்கிய கோப்பி, அரை நூற்றாண்டு காலம் இலங்கையின் செல்வமாக விளங்கிற்று. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்ற தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள், முதன்முதலில் தேயிலை கொய்ய வந்தவர்கள் அல்லர். கோப்பிப் பழம் ஆய வந்தவர்களே. வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். 1869ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளில் அத்தோட்டங்களை அழித்தது. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

தோட்டங்கள் அழிந்த போதிலும் வீட்டுக் கோப்பி அழியவில்லை. மலைநாட்டு வீட்டுத் தோட்டங்களில் விளையும் கொட்டை இன்றும் சந்தைக்கு வருகிறது. அதனை மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து, உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து வைப்பது நம் தாய்மாரின் வழக்கம். அத்தகைய இல்லங்களுக்கு அடுப்பேறாத கோப்பி ஒரு சிறு மாற்றமேயன்றிப் பெரும் புதுமையன்று.

நெருப்பின் இரு தொழில்கள்

கொதிநீரின்றிச் சாரம் எவ்வாறு இறங்கும் என்று மாணவர்கள் வினவக்கூடும். கோப்பிக்கு ஊக்கம் தரும் பொருள் கஃபீன். கொதிக்கும் நிலையில் 100 மில்லிலீற்றர் நீர் சுமார் 66 கிராம் கஃபீனைக் கரைக்க வல்லது. 25 பாகைச் செல்சியசில் சுமார் 2 கிராமையே கரைக்கும். வேறுபாடு பெரிதுதான். எனினும் 2 கிராம் என்பது ஒரு லீற்றருக்கு 20 கிராம் ஆகும். நாம் ஒரு லீற்றர் நீரில் இடும் 100 கிராம் தூளில் உள்ள கஃபீனோ 1 முதல் 2 கிராம் வரையே. ஆகவே குளிர்ந்த நீருக்கு ஆற்றல் போதும், வேகந்தான் குறைவு. சில நிமிடங்களில் நடப்பது பல மணி நேரத்தில் நடக்கிறது.

சுவையும் சற்று வேறுபடும். கசப்பையும் கடும் புளிப்பையும் தரும் பொருள்களிற் சில குளிர்ந்த நீரில் முழுவதும் இறங்குவதில்லை. அதனால் இக்கோப்பி மென்மையாக இருக்கும். சீனி குறைவாகவே வேண்டியிருக்கும். வயிற்றெரிச்சலுக்கு இது மருந்து என்று சிலர் கூறுவதை மட்டும் அப்படியே நம்பிவிடலாகாது. நினி ராவ், மேகன் புல்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இருவகைக் கோப்பியின் அமிலத்தன்மை அளவும் ஏறத்தாழ ஒன்றாகவே காணப்பட்டது. மொத்த அமிலப் பொருள்கள் மட்டும் சூடான கோப்பியிற் சற்று மிகுதியாக இருந்தன.

இங்கே இல்லத்தரசியர் மனத்திற் பதிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. கோப்பி போடும்போது நெருப்பு இரண்டு தொழில்களைச் செய்கிறது. ஒன்று சாரத்தை இறக்குவது. மற்றொன்று நீரிலுள்ள கிருமிகளைக் கொல்வது. முதற்றொழிலை நெருப்புக்குப் பதிலாக நேரம் செய்துவிடும். இரண்டாவதை நேரம் ஒருபோதும் செய்யாது. மாறாக, கிருமிகள் பெருகுவதற்கே அது இடங்கொடுக்கும். தேற்றாங்கொட்டை நீரைத் தெளிவிக்கிறது. ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூய நீராகிவிடாது. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் கிணற்று நீரிலும் நோய்க்கிருமி இருத்தல் கூடும். எழுவான்கரையின் மணற்பாங்கான கிணறுகள் ஆழமற்றவை. மாரி வெள்ளம் எளிதிற் கலக்கும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பேறிப் போனதை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆதலின், கோப்பி அடுப்பேறாவிட்டாலும் நீர் ஒருமுறை அடுப்பேறியே ஆகவேண்டும். காலையில் குடிப்பதற்கென்று கொதிக்க வைக்கும் நீரிலேயே ஒரு லீற்றரை மூடி ஆறவைத்துவிட்டால் மாலையில் அது பயன்படும். இதற்கென்று தனி எரிபொருள் செலவாகாது. 2022ஆம் ஆண்டில் எரிவாயுச் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு இந்தச் சிறு சிக்கனத்தின் அருமை விளங்கும்.

செய்யும் முறை

வேண்டியவை: வறுத்த கோப்பி 100 கிராம், கொதித்து ஆறிய நீர் ஒரு லீற்றர், மூடியுள்ள பாத்திரம் ஒன்று, தூய வெள்ளைப் பருத்தித் துணி.

தூள் பரும்படியாக இருத்தல் வேண்டும். மா போன்ற மென்தூள் துணியின் வழியே இறங்கிக் கோப்பியைக் கலங்கச் செய்யும். வறுத்த கொட்டையை உரலில் இட்டு நாலைந்தாக உடையும் வரை இடித்து, அரிதட்டில் அரித்து, மேலே தங்கும் குறுநொய்யைக் கொள்க. கீழே விழும் மென்தூளை வழக்கமான சூடான கோப்பிக்கு வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் வீணாகாது. மல்லியும் வேர்க்கொம்பும் விரும்புவோர் அவற்றையும் நன்கு வறுத்துப் பரும்படியாக இடித்துச் சிறிதளவு சேர்க்கலாம்.

மாலை ஆறு மணியளவில் தூளைப் பாத்திரத்தில் இட்டு, நீரை மெதுவாக ஊற்றி, கழுவிய அகப்பையால் தூள் முழுவதும் நனையுமாறு ஒருமுறை கிளறி மூடிவிடுக. பின்னர் அதனை அசைக்க வேண்டுவதில்லை. நம் நாட்டு வெப்பத்தில் 10 முதல் 12 மணி நேரம் போதும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் 16 முதல் 18 மணி நேரம் ஆகும். காலையில், கொதிநீரில் இட்டெடுத்த துணியால் வடித்துக்கொள்க. அவசரப்பட்டுத் துணியைப் பிழிதல் கூடாது. பிழிந்தால் வண்டல் இறங்கும். தூள் தன் எடையைப் போல் இருமடங்கு நீரை உறிஞ்சிக்கொள்ளுமாதலால், ஏறத்தாழ 800 மில்லிலீற்றர் கெட்டிச் சாறு கிடைக்கும்.

அருந்தும்போது சாற்றுடன் அதே அளவு நீரோ காய்ச்சி ஆறிய பாலோ சேர்த்துக்கொள்க. குளிர்ந்த பானத்திற் சீனி எளிதிற் கரையாது. பனங்கட்டியைச் சிறிது வெந்நீரிற் பாகாகக் கரைத்து ஊற்றினால் சுவையும் மணமும் மிகும். பால் கலந்ததை உடனே அருந்திவிட வேண்டும். வெளியில் வைத்த சாற்றை வடித்த அன்றே முடித்துவிடுவது நலம். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம். புளித்த வாடையோ மேலே ஆடையோ தோன்றினால், விலையைப் பாராது கொட்டிவிடுக. எஞ்சிய சக்கையை எருக்குழியிற் சேர்க்கலாம்.

முட்டியின் குணம்

எந்தப் பாத்திரத்தில் ஊறவைப்பது? கண்ணாடிப் போத்தலும் எவர்சில்வரும் கழுவுவதற்கு எளியன. மண்முட்டியோ குளிர்ச்சி தருவது. அதன் நுண்துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். எனவே 10 கிராம் நீர் ஆவியானால், கணக்கின்படி ஒரு லீற்றர் நீரை 5 பாகைக்கு மேலாகவே குளிர்விக்க இயலும். வெளிவெப்பம் உட்புகுவதால் நடைமுறையிற் பயன் இதனிலும் குறையும்.

காற்று எவ்வளவு உலர்ந்ததோ, முட்டி அவ்வளவு குளிரும். தென்மேற்குப் பருவ காலத்தில் மழையை மலைநாட்டில் உதிர்த்துவிட்டு, வெப்பமும் வறட்சியுமாக மட்டக்களப்பின் மீது வீசுவது கச்சான் காற்று. உடலை வாட்டும் அதே கச்சான், நிழலில் வைத்த முட்டியை நன்கு குளிர வைக்கிறது. ஈரம் நிறைந்த மாரிக் காலத்திலோ முட்டி அத்துணை குளிர்வதில்லை.

முட்டியைத் தெரிவதிற் கவனம் வேண்டும். தயிர் வாங்கி வந்த சட்டியும் முட்டியும் இதற்கு உதவா. அவற்றின் துளைகளிற் பாற்கொழுப்பும் நுண்ணுயிர்களும் தங்கியிருக்கும். வர்ணம் பூசிய அலங்காரப் பானைகளையும் தவிர்க்க வேண்டும்; சில பூச்சுகளிலுள்ள ஈயம் அமிலத்தன்மையுள்ள பானத்திற் கலக்கக்கூடும். பூச்சில்லாத புதுமுட்டியை வாங்கி, இரண்டு மூன்று நாள் நீர் நிரப்பிக் கொட்டி, மண்வாடை நீங்கிய பின் கோப்பிக்கென்றே ஒதுக்கிவிடுக. சவர்க்காரம் இட்டால் அதையும் மண் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே வெந்நீரால் அலம்பி வெயிலில் நன்கு உலர்த்துவதே முறை. இத்தனை கவனத்திற்கு நேரமில்லாதவர்கள், சாற்றைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, நீர் நிறைந்த முட்டியினுள் இறக்கி வைக்கலாம். தூய்மைக்குக் கண்ணாடியும் குளிர்ச்சிக்கு மண்ணும் துணை நிற்கும்.

யாருக்கு, எவ்வளவு?

குடிப்பதற்கு மென்மையாக இருப்பதாலேயே இக்கோப்பியில் ஓர் ஆபத்தும் உண்டு. கசப்பு நாவைத் தடுப்பதில்லையாதலால் அளவு மிகுந்துவிடும். அராபிக்கா வகையில் சுமார் 1.2 வீதம் கஃபீன் உண்டு. ரொபஸ்டா வகையில் சுமார் 2.2 வீதம். ரொபஸ்டாத் தூளாயின், மேற்சொன்ன கெட்டிச் சாற்றின் 100 மில்லிலீற்றரில் 200 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கக்கூடும். சுகமுள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமும், கருவுற்ற தாய்மாருக்கு 200 மில்லிகிராமுமே மேல்எல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2015ஆம் ஆண்டில் வரையறுத்தது. ஆகவே பெரியவர்களுக்குக் காலையில் நீர் கலந்த சிறு குவளை ஒன்று போதும். கருவுற்றோர் அதனினும் குறைப்பதே தகும். குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

பரீட்சைக்காலத்து மாணவர்களுக்கும் ஒரு சொல். உடலிற் சேர்ந்த கஃபீனிற் பாதி கழிவதற்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்த கோப்பியின் பாதி, பின்னிரவு இரண்டு மணிக்கும் உடலிலேயே இருக்கும். கண் விழித்திருக்கலாம், ஆனால் கற்றதை மனத்தில் நிலைநிறுத்தும் உறக்கம் கெட்டுவிடும். மாலைக்குப் பின் இதனைத் தொடாதிருப்பதே அறிவுடைமை. உணவோடு கோப்பி அருந்தினால் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பது குறையும். ஆதலால் இரத்தச்சோகை உள்ளவர்கள் உணவுக்கும் கோப்பிக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் இடைவெளி விடுவது நன்று.

பொறுமையுள்ள இல்லத்தில் அடுப்பின்றியே கோப்பியின் சாரம் இறங்கிவிடும். தூய்மைதான் தானாக வந்து சேராது. நீரைக் கொதிக்க வைப்பதும், துணியை அலசுவதும், கையைக் கழுவுவதும் நம் பொறுப்பு. அந்தச் சிறு கடமைகளை மறவாத வீட்டில், கச்சான் வீசும் நண்பகலில் களைத்து வரும் விருந்தினருக்கு, குளிர்ந்த நல்ல கோப்பி என்றும் ஆயத்தமாயிருக்கும்.