தூசி வேறு, புளிப்பு வேறு

பூரிம் பண்டிகை முடிந்த மறுநாளே பல யூத வீடுகளில் பஸ்காவுக்கான சுத்தம் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மாதம்தான். திரைச்சீலை துவைப்பது, ஜன்னல் துடைப்பது, அலமாரியில் இருக்கிற துணியை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டு மறுபடி மடிப்பது என்று வேலை நீண்டுகொண்டே போகும். நாலு பிள்ளைகள், வேலைக்குப் போகிற அம்மா என்றால் கேட்கவே வேண்டாம். கடைசியில் பண்டிகை இரவு வருகிறது. ஸேதர் எனப்படும் அந்த விருந்து, எகிப்தில் அடிமையாகக் கிடந்தவர்கள் விடுதலை அடைந்ததை நினைப்பதற்காக. சுதந்திர மனிதர்களைப் போலச் சாய்ந்து உட்கார்ந்து நான்கு கிண்ணம் திராட்சை ரசம் குடிக்க வேண்டும். அந்த மேஜையில் பாதி வீடுகளில் அம்மா தூங்கி வழிந்துகொண்டிருப்பார்.

சட்டம் நிஜமாகவே இவ்வளவு வேலை கேட்கிறதா என்று தேடிப் படித்தபோது எடுத்த குறிப்புகள் இவை. கேட்கவில்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில். சட்டத்தை அரைகுறையாகத் தெரிந்துவைத்திருக்கும் வீட்டில் வேலை பெருகுகிறது. நுணுக்கமாகத் தெரிந்த வீட்டில் குறைகிறது.

முதலில், எதைத் தேடுகிறார்கள்? ஹமேட்ஸ், அதாவது புளித்த மாவுப் பண்டம். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களின் மாவில் தண்ணீர் பட்டு, பிசையாமல் 18 நிமிடம் கிடந்தால் அது புளித்ததாகக் கணக்கு. ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ், பீர் எல்லாம் இதில் வந்துவிடும். பஸ்கா நாட்களில் (இஸ்ரேலில் 7, வெளியே 8) இவற்றைச் சாப்பிடக் கூடாது என்பதோடு, சொந்தமாக வைத்திருக்கவும் கூடாது. பயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வீட்டில் எங்கேயோ ஒரு பிஸ்கட் துண்டு கிடந்தால் என்ன செய்வது?

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் பஸ்கா பகுதியின் தொடக்கமே இதற்குப் பதில் சொல்கிறது. நிஸான் மாதம் 14-ஆம் தேதி பிறக்கும் இரவில் விளக்கு வெளிச்சத்தில் தேட வேண்டும். ஹமேட்ஸ் கொண்டுபோகும் வழக்கமில்லாத இடத்தைத் தேட வேண்டியதில்லை. தேடச் சொல்லும் அதே விதியிலேயே தேடலுக்கு எல்லையும் போட்டுவிட்டார்கள் பாருங்க. அடுத்த விதி இன்னும் சுவாரஸ்யம். தேடி முடித்த பிறகு ஒரு மரநாய் வந்து துண்டை இழுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போயிருக்குமோ என்று கவலைப்படாதே என்கிறது. அப்படிக் கவலைப்பட ஆரம்பித்தால் வீட்டுக்கு வீடு, முற்றத்துக்கு முற்றம், ஊருக்கு ஊர் என்று போகும், முடிவே இருக்காது என்பது காரணம். 1,800 வருஷத்துக்கு முன்னாடியே யாரோ ஒருவர் இந்தப் பதற்றத்தை நேரில் பார்த்திருக்கிறார்.

அதற்கு மேலும் பாதுகாப்பு உண்டு. தேடி முடித்ததும் ஒரு வாசகம் சொல்வார்கள். அராமிக் மொழியில் இருக்கும். என் கண்ணுக்குப் படாத ஹமேட்ஸ் எதுவும் என்னுடையதில்லை, அது மண்தூசிக்குச் சமம் என்பது அதன் பொருள். கண்டெடுத்ததை மறுநாள் காலை எரித்துவிட்டு, இன்னொரு முறை விரிவாகச் சொல்வார்கள். பெரிய மூட்டையாக மாவோ விஸ்கியோ இருந்தால், அலமாரியைப் பூட்டி, ரபி மூலமாக யூதரல்லாத ஒருவருக்கு முறைப்படி விற்றுவிடலாம். இஸ்ரேல் அரசாங்கமே தன்னிடம் உள்ள ஹமேட்ஸை இப்படித்தான் விற்கிறது. அபூ கோஷ் ஊரைச் சேர்ந்த ஓர் அரபுக்காரர்தான் பல வருடம் அதை வாங்கினார்! விற்ற அலமாரிக்குள் துடைக்க வேண்டியதில்லை. நாய்கூடத் தின்னாத அளவுக்கு முன்கூட்டியே கெட்டுப்போனது உணவுக் கணக்கிலேயே வராது என்பதும் விதி. அதனால், எட்டாத மூலையில் இருக்கிற துணுக்குகளின் மேல் சோப்புத் திரவத்தை ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

சமையலறையில் மட்டும் இவ்வளவு சலுகை கிடையாது. பஸ்கா நாட்களில் சாப்பாட்டில் ஹமேட்ஸ் துளி கலந்தாலும் ஆகாது. அடுப்பு, ஓவன், சமையல் மேடை எல்லாவற்றுக்கும் உண்மையிலேயே உழைக்க வேண்டும், பாத்திரமும் தனி செட். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை, கார் சீட், தள்ளுவண்டி இவற்றையும் பார்த்தே ஆகணும். அவ்ளோதான். திரைச்சீலையில் யாரும் ரொட்டி வைப்பதில்லை. அது வசந்த கால வீட்டுச் சுத்தம். செய்யலாம், கோடை விடுமுறையிலும் செய்யலாம். வாசகம் துணுக்கைத் தூசி என்கிறது, வீடோ தூசியைத் துணுக்காக நினைத்துத் துடைக்கிறது! தூசி ஹமேட்ஸ் ஆகாது, பிள்ளைகள் பலி ஆடும் இல்லை என்று யூதர்களுக்குள்ளேயே ஒரு கிண்டல் உண்டு.

பஸ்கா வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஷபாத் என்கிற ஓய்வுநாள் வாரா வாரம் வருகிறது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு (எருசலேமில் 40) மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டால், சுமார் 25 மணி நேரம் சமைக்க முடியாது, சுவிட்ச் போட முடியாது. 39 வகை வேலைகளுக்குத் தடை. லண்டனில் டிசம்பர் மாதம் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் மறைந்துவிடும், அதாவது ஆபீஸ் முடிவதற்குள்!

இங்கேயும் விதியைப் புரிந்துகொண்டவர்களுக்கு வழி இருக்கிறது. அடுப்பு மூட்டத்தான் தடை, முன்பே மூட்டிய சூடு இருப்பதற்குத் தடையில்லை. சோலெண்ட் அல்லது ஹமின் என்கிற பதார்த்தம் இப்படித்தான் பிறந்தது. பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு வெள்ளி மாலை மெல்லிய சூட்டில் வைத்தால் சனி மதியம் வரை தானாக வேகும். இஸ்ரேல் வீடுகளில் பிளாட்டா என்று ஒரு மின்தட்டு இருக்கும், சாப்பாடு அதன்மேல் சூடாகவே இருக்கும். விளக்குக்கு டைமர். ஹல்லா ரொட்டி, மீன், கோழி சூப் என்று பெரும்பாலும் அதே மெனு வருவதால் இன்றைக்கு என்ன சமைப்பது என்கிற கேள்வியும் இல்லை. என்னைக் கேட்டால், வேலைக்குப் போகிற ஒரு குடும்பத்துக்கு இந்தக் கடைசிக் கேள்வி இல்லாமல் போவதுதான் பெரிய மிச்சம்.

ஆனால் அந்தப் பானையை வைப்பது யார்? ஓய்வுநாளின் ஓய்வு முழுக்க வெள்ளிக்கிழமை உழைப்பின் மேல்தான் நிற்கிறது. அந்த உழைப்பு பெரும்பாலும் ஒரே ஆள் தலையில் விழுகிறது. எந்த டைமரும் இதைச் சரிசெய்யாது. சட்டத்தின்படியும் இது பெண்ணின் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதுதான் நான் எதிர்பார்க்காத விஷயம். பாபிலோனியத் தல்மூதில் ஷபாத் பகுதியில் ஒரு பட்டியல் வருகிறது. பெரிய அறிஞர்கள் வெள்ளிக்கிழமை வீட்டில் என்ன செய்தார்கள் என்று. ரவா மீனுக்கு உப்புப் போட்டார். ரவ் ஹிஸ்தா பீட் கீரை நறுக்கினார். ரவ் பாப்பா திரி திரித்தார். ரபாவும் ரவ் யோசேஃபும் விறகு பிளந்தார்கள். ரவ் நஹ்மான் பார் இட்ஸ்ஹாக் சாமான்களைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் நடந்தார். 16-ஆம் நூற்றாண்டில் யோசேஃப் காரோ எழுதிய சட்டத் தொகுப்பு, இந்த உதாரணங்களையே சொல்லி, எத்தனை வேலைக்காரர்கள் இருந்தாலும் வீட்டுக்காரர் தன் கையால் ஏதாவது ஒரு வேலை செய்தே தீர வேண்டும் என்கிறது. கௌரவக் குறைச்சல் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஓய்வுநாளுக்காக வேலை செய்வதே கௌரவம் என்று அங்கேயே எழுதிவைத்திருக்கிறார்.