ஸ்டுடியோவுக்கு முதல் வாடிக்கை

நம் வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் போட்டோ ஸ்டுடியோ தொடங்குகிறார்கள். காமிரா, விளக்கு, திரை என்று முதல் முழுவதும் போய்விடுகிறது. வாடகை நாள் வந்தும் ஆள் வருவதில்லை. விலையைக் குறைத்துப் பயனில்லை. செல்போன் படத்துக்குச் செலவே இல்லையே!

புதுச் சரக்கு வந்தால் நாம் கடைகளுக்கு மாதிரி கொடுக்கிறோம். இங்கும் அதுதான் வழி. கடைவீதியில் பத்து வியாபாரிகளைக் கல்லாவில் அமர்ந்தபடியே படமெடுத்து, சட்டமிட்டு இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஓரத்தில் ஸ்டுடியோ பெயர், முகவரி இருக்கட்டும். அவர்கள் சம்மதத்துடன் கடையில் மாட்டினால், சாமான் வாங்க வருபவர் "யார் எடுத்தது?" என்று கேட்பார். குழந்தையின் முதல் பிறந்தநாள், பெற்றோரின் அறுபதாம் கல்யாணம் என்று வேலை அங்கிருந்து வரும்.

மாதிரி பத்தோடு நிற்கட்டும். பதினோராவது படத்துக்கு முழு விலை வாங்க வேண்டும். மாதிரியே வியாபாரமாகிவிட்டால் முதல் கரையும்.