கல்லூரி குடியேறிய வீடு தப்பியது

பூந்தமல்லியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ நகரத்துக்கு வந்து போகிறவர்களுக்கு ஆர்ம்ஸ் ரோடு, லாண்டன்ஸ் ரோடு, மில்லர்ஸ் ரோடு எல்லாம் பழகிய பெயர்கள். கீழ்ப்பாக்கம் பக்கத்துச் சாலைகள் பலவும் அங்கே தோட்ட வீடு வைத்திருந்த ஆங்கிலேயர்களின் பெயரைத்தான் சுமக்கின்றன. பெயர்கள் இருக்கின்றன. வீடுகள்தான் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நெருக்கியடித்துக் குடியிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியே வரத் துணிந்தார்கள். 1758-59இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. 1799இல் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணமும் வீழ்ந்தது. இனிப் படையெடுப்பு வராது என்ற தைரியம் வளர வளர எழும்பூர், நுங்கம்பாக்கம், கீழ்ப்பாக்கம், அடையாற்றங்கரை என்று பல ஏக்கர் நிலத்தை வளைத்து, நடுவில் ஒரு மாளிகையும் சுற்றிலும் மரங்களுமாக வாழத் தொடங்கினார்கள். அப்போது இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் ஆட்சி. அந்தக் காலத்துப் பாணியை ஜார்ஜியப் பாணி என்கிறார்கள். இடமும் வலமும் ஒத்துப்போகும் முகப்பு, கிரேக்க ரோமானிய அளவுகளில் தூண்கள், தூண்களுக்கு மேலே சில வீடுகளில் முக்கோண முகடு. இவைதான் அதன் அடையாளம்.

லண்டன் வீட்டை அப்படியே இங்கே தூக்கி வைத்தால் வெயில் விடுமா? அதனால் தூண் வரிசைக்குப் பின்னால் ஆழமான தாழ்வாரம் வந்தது. வண்டி உள்ளே வந்து நிற்க முன்மண்டபம் வந்தது. கூரை உயர்ந்தது, சுவர் தடித்தது, ஜன்னல்களில் காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் மரச்சட்டக் கதவுகள் ஏறின. சமையலறை தனிக் கட்டடமாகப் பின்பக்கம் போனது. வரைபடம் சீமையிலிருந்து வந்திருக்கலாம். கட்டிய கை நம் கொத்தனார்களுடையது, கட்டிய பொருளும் இங்கேயே கிடைத்தது.

அந்தப் பொருளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பளிங்குபோல் மின்னும் அந்தத் தூண்களில் பெரும்பாலானவை கல் அல்ல, செங்கல். மேலே கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மணலோடு அரைத்து, பல நாள் புளிக்க வைத்த சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் அதில் சேரும். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் வரை சேர்ப்பதுண்டு. ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் பளபளப்பு வரும். ‘மெட்ராஸ் சுனம்’ என்று வெளிநாட்டுப் பயணிகள் வியந்து எழுதியது இதைத்தான்.

கூரை இன்னும் நுட்பமானது. தேக்கு உத்தரங்களின் மேல் குறுக்குச் சட்டங்கள் போட்டு, மெல்லிய சிறு செங்கற்களைக் குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரப்பலகையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். மேலே தட்டோடு பதித்தால் மெட்ராஸ் டெரஸ் தயார். துரை வீட்டுக்கு மட்டும் உரிய நுட்பம் அல்ல இது. பூந்தமல்லி, திருமழிசைப் பக்கத்துப் பழைய தெருக்களில் வளர்ந்த பலரும் இப்படிப்பட்ட கூரைக்குக் கீழே கோடையில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள்.

இன்று பார்க்கக் கிடைக்கும் தோட்ட வீடுகளில் முதலில் சொல்ல வேண்டியது, நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் கூவத்தை ஒட்டி நிற்கும் டவ்டன் ஹவுஸ். 1798 வாக்கில் பெஞ்சமின் ரோபக் என்ற கம்பெனி அதிகாரி கட்டியது. பிறகு ஜெனரல் ஜான் டவ்டன் பெயர் அதற்கு நிலைத்தது. 1875இல் பதவி பறிக்கப்பட்ட பரோடா மன்னர் மல்ஹர் ராவ் கெய்க்வாடைச் சென்னைக்குக் கொண்டுவந்து இங்கேதான் காவலில் வைத்தார்கள். 1915இல் கீழ்ப்பாக்கத்தில் ஹைட் பார்க் என்ற தோட்ட வீட்டில் தொடங்கிய பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி மறு ஆண்டே இங்கு குடிவந்தது. அன்றிலிருந்து அந்தத் தூண்களுக்கிடையே மாணவிகள் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

அடையாற்றங்கரையில் ஜேம்ஸ் பிராடி 1796-98இல் கட்டிய பிராடி காசில் பின்னர் ‘தென்றல்’ ஆகி, அரசு இசைக் கல்லூரிக்கு வீடானது. ஜார்ஜ் மௌப்ரே கட்டிய, குவிமாடம் வைத்த மாளிகையில் இப்போது மெட்ராஸ் கிளப் இருக்கிறது.

இந்த வீடுகளை முதலில் காப்பாற்றியது சட்டம் அல்ல. உள்ளே குடியேறிய கல்லூரியும் கிளப்பும்தான். தினமும் ஆள் புழங்கும் கட்டடத்தில் கூரை ஒழுகினால் அன்றைக்கே தெரிந்துவிடும். பூட்டிக் கிடக்கும் வீட்டிலோ அரசங்கன்று சுவரைப் பிளந்த பிறகுதான் தெரியும்.

புழக்கம் இல்லாத இடத்தில் அரசின் கையில் இருந்தும் பயனில்லை. கம்பெனி 1753இல் வாங்கி, பிறகு ஆளுநர் எட்வர்ட் கிளைவ் விரிவாக்கிய அரசினர் மாளிகை, புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. அந்த வளாகம் 2010இல் திறக்கப்பட்டு, 2014இல் மருத்துவமனையாகிவிட்டது. பக்கத்தில் கோல்டிங்ஹாம் 1802இல் கட்டி முடித்த விருந்து மண்டபம், அதாவது ராஜாஜி மண்டபம், தப்பி நிற்கிறது. அந்த மாளிகையை இடித்தது இந்த ஊருக்கு ஈடுசெய்ய முடியாத நட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டமும் கோயில், கோட்டை போன்ற நினைவுச் சின்னங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மனிதர் குடியிருக்கும், கைமாறும் வீட்டுக்கு அவை எளிதில் பொருந்துவதில்லை. திருப்பம் வந்தது அண்ணா சாலையில் இருக்கும் 1897ஆம் ஆண்டு பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தால். அதை இடிக்க நடந்த முயற்சியை எதிர்த்துப் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் தொடுத்த வழக்கில் 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கத் தடை விதித்தது. நீதிபதி பத்மநாபன் தலைமையிலான குழு தொகுத்த 400க்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலுக்கு அந்தத் தீர்ப்பு உயிர் கொடுத்தது. பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவும் அமைந்தது. மாநிலம் முழுவதற்குமான பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறி, பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமலே கிடந்தது.

இங்கிலாந்தில் 1700க்கும் 1850க்கும் இடைப்பட்ட கட்டடங்களில் தன் உருவம் குலையாமல் நிற்பவை பெரும்பாலும் பட்டியலில் ஏறிவிடும். அனுமதியில்லாமல் அவற்றில் கைவைத்தால் குற்ற வழக்கு. நம் ஊரில் தண்டனையை மட்டும் இறக்குமதி செய்தால் போதாது. நிலத்தின் விலை வீட்டின் விலையைப் பல மடங்கு தாண்டிய இடத்தில், இடிக்காதே என்று மட்டும் உரிமையாளரிடம் சொல்வது நியாயமாகாது. மும்பையில் 1995 முதல், பாரம்பரிய வீட்டை இடிக்காமல் விடுகிறவர் தான் இழக்கும் கட்டுமான உரிமையை வேறிடத்துக்கு விற்க வழி செய்திருக்கிறார்கள். பணம் கைக்கு வந்தால் கூரையும் பழுது பார்க்கப்படும்.

எதைக்கொண்டு பழுது பார்ப்பது என்பதும் முக்கியம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் பொரிந்து உதிரும். முகப்பு புதிதாகத் தெரியும், சுவர் உள்ளே செத்துக்கொண்டிருக்கும். 2012இல் தீக்கிரையான சேப்பாக்கம் கலச மஹாலைப் பொதுப்பணித் துறை மீட்டபோது சுண்ணாம்பு முறைக்கே திரும்பியது. அந்த வேலை தெரிந்த கொத்தனார்களுக்கு இப்படித் தொடர்ந்து வேலை கிடைக்க வேண்டும்.

பட்டியலும் மேற்கே நகர வேண்டும். சென்னையை ஆங்கிலேயருக்குக் கொடுத்த தாமர்ல சகோதரர்களில் அய்யப்ப நாயக்கர் இருந்த ஊர் பூந்தமல்லி. பின்னாளில் கம்பெனியின் படைமுகாமும் அங்கே இருந்தது. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளில் எஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடு, சத்திரம், பள்ளிக்கூடம் எதுவானாலும் தெருத் தெருவாகப் போய் அளந்து, படமெடுத்து, சர்வே எண்ணோடு குறித்து வைக்க வேண்டும். அதை உள்ளூர்க் கல்லூரி மாணவர்களே செய்யலாம். குறிப்பில் ஏறாத வீட்டை இடிக்கும்போது தடுக்கப் போகிறவர் கையில் காட்டுவதற்கு எதுவும் இருக்காது.