உங்களுக்குத் தெரியுமா? கேட்டமரனில் நடுவில்தான் இருக்கிறது சங்கதி!

பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பது ஊரறிந்த கதை, விட்டுவிடுவோம். கடல் கடக்கும் இன்றைய கேட்டமரன் உருவத்தில் பாலினீசியர்களின் இரட்டைத் தோணிக்குத்தான் சொந்தம். ஒல்லியான இரண்டு உடல்கள், நடுவே ஒரு தளம். அப்படிப்பட்ட ‘ஹோக்குலேயா’ 1976-ல் திசைகாட்டிகூட இல்லாமல் ஹவாயிலிருந்து தாஹித்தி போய்ச் சேர்ந்தது. நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்து வழி சொன்னவர் மைக்ரோனீசியத் தீவுக்காரரான மாவ் பியாய்லுக்.

அதற்கு நூறு வருஷம் முன்னால், 1876-ல், அமெரிக்காவின் நத்தானியல் ஹெரெஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டைப் படகை நியூயார்க் போட்டியில் இறக்கினார். மற்ற படகுகளெல்லாம் பின்தங்கின. தோற்றவர்கள் முறையிட, அமரில்லிஸைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள்!

ஒற்றை உடல் பாய்மரப் படகு நிமிர்ந்து நிற்க, அடியில் ஈயமோ இரும்போ பொருத்துவார்கள். பல படகுகளில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு இந்தப் பாரம்தான். கேட்டமரனுக்கு அது தேவையில்லை, அகலமே பலம். பிரான்சில் தயாரான லகூன் 450 சுமார் 14 மீட்டர் நீளம், ஏறக்குறைய 8 மீட்டர் அகலம். துறையில் இரண்டு படகின் இடத்தை அடைப்பதால், பல ஊர்களில் வாடகையும் கூடுதல்.

அந்த அகலத்தில் ஒரு வில்லங்கமும் உண்டு. காற்று ஏற ஏற ஒற்றை உடல் படகு சாயும், சாய்வே எச்சரிக்கை. கேட்டமரனிலோ மேசைமேல் வைத்த காபி டம்ளர் அப்படியே இருக்கும். அதனால் காற்றுமானியில் தெரியும் எண்ணைப் பார்த்துத்தான் பாயைச் சுருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்ந்து ஓர் உடல் தண்ணீரை விட்டு எழும்பும்போதே படகின் கவிழாமல் தாங்கும் சக்தி உச்சத்துக்கு வந்துவிடும், அதன்பின் இறங்குமுகம்தான். கவிழ்ந்தால் தானாக நிமிராது. ஆனால் கீழே இழுக்க ஈயம் இல்லாததால் தலைகீழாகவே மிதக்கும். உள்ளே இருப்பவர்கள் வெளியேறத்தான் உடலின் பக்கச் சுவரில் தப்பிக்கும் ஜன்னல்.

வடிவமைப்பாளருக்கும் வாங்குபவருக்கும் ஓயாத சண்டை, நடுத்தளத்தின் அடிப்புறத்துக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளியில். இடைவெளி குறைந்தால் எதிர்க்கடலில் அலை கீழிருந்து தடதடவென்று அறையும். பாத்திரங்கள் குதிக்கும், தூக்கம் போகும். உயர்த்தினால் கூடத்தின் கூரையும் உயர்ந்து, காற்று பிடித்துத் தள்ள இடம் கொடுக்கும். வாங்க வருபவர்கள் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறார்களே தவிர, குனிந்து அடியைப் பார்ப்பவர் குறைவு. ஜெனரேட்டர், ஏசி, வாஷிங் மெஷின் என்று ஏற்றிக்கொண்டே போனால் படகு தாழ்ந்து, இருந்த இடைவெளியும் சுருங்கும். ஒல்லி உடலால் கிடைத்த வேகமும் அம்பேல்.

முன்பக்கம் பலகைக்குப் பதில் வலை எதற்கு? வெயில் காய்வதற்கு என்று விளம்பரப் படங்கள் நினைக்க வைக்கும். ஏறிய அலைநீர் தேங்காமல் விழுவதற்குத்தான். அந்த வலைக்கு முன்னால் ஓர் அலுமினியக் குழாய் இரு உடல்களையும் இணைக்கிறது. முன்பாயின் கம்பி கட்டியிருப்பது இதன் நடுவில், அதாவது கீழே உடலே இல்லாத இடத்தில்! கம்பி இழுக்கும் இழுப்பில் குழாய் மேல்நோக்கி வளையப் பார்க்கும். அதைத் தடுக்க, சிறகு விரித்த கடற்பறவை போல ஒரு தாங்கியை மேலே வைத்து, இரு முனைகளுக்கும் இழுத்துக் கட்டுகிறார்கள்.

இரண்டு உடல்களும் விறைப்பாக ஒட்டியிருக்க வேண்டுமா? பிரிட்டனின் ஜேம்ஸ் வாரம் அப்படி நினைக்கவில்லை. தன் வடிவமைப்புகளில் குறுக்குச் சட்டங்களைக் கயிற்றால் கட்டி, அலைக்குக் கொஞ்சம் அசைய விட்டார். ட்ரினிடாடில் தானே கட்டிய 40 அடி ‘ரோங்கோ’வில் 1959-ல் வட அட்லாண்டிக்கைக் கடந்தவர் அவர்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன், கேட்டமரன் கட்டுவதில் பெயர்பெற்ற ஊர். அங்கிருந்து பல படகுகளைக் கப்பலில் ஏற்றாமல், கடல்வழியே ஓட்டிக்கொண்டுபோய்க் கரீபியனில் ஒப்படைக்கிறார்கள். ‘புத்தம் புதுசு’ என்று சாவியைக் கையில் கொடுக்கும்போது படகு அட்லாண்டிக்கையே கடந்து முடித்திருக்கும்!