பாட்டிகள் நடத்திய பள்ளி

1913இல் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தாய்மொழி பேசத் தெரிந்திருந்தது. 1975இல் அப்படிப் பேசியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை.

1867இல் வந்த சுதேசிப் பள்ளிச் சட்டம் மாவோரிக் கிராமங்களுக்குப் பள்ளிகளைத் தந்தது. பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான் என்ற விதியையும் கூடவே தந்தது. பல பள்ளிகளில் தாய்மொழி பேசினால் அடி. இரண்டாம் உலகப் போரில் மாவோரிப் படைப்பிரிவின் கடைசித் தளபதியாக இருந்தவர் சர் ஜேம்ஸ் ஹெனாரே. சிறுவயதில் தன்னை அடிப்பதற்கான கொடியைத் தானே காட்டுக்குள் போய் வெட்டிவந்ததை மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயத்தின் முன் அவர் சொன்னார். அடிபட்ட தலைமுறை பெற்றோரானபோது, பிள்ளைக்காவது இந்த அவமானம் வேண்டாமென்று வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறியது. போருக்குப் பின் குடும்பங்கள் நகரங்களுக்குப் பிழைக்கப் போனதில் தாத்தா பாட்டியின் பேச்சும் பிள்ளைகளின் காதில் விழாமல் போயிற்று. இவ்வளவையும் விட்டுக்கொடுத்த பிறகாவது படிப்பு ஏறியதா? சான்றிதழ் இல்லாமலே பள்ளியை விட்டு வெளியேறிய மாவோரிப் பிள்ளைகளின் விகிதம் மற்றவர்களைவிட மிக அதிகமாகவே இருந்தது.

பள்ளிகளில் தங்கள் மொழியைக் கற்றுத்தர வேண்டுமென்று 1972இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்துக்குப் போனது. ஹானா தே ஹெமாரா முதலிய இளைஞர்கள் அதை முன்னின்று நடத்தினார்கள். ஆனால் திருப்பத்தை உண்டாக்கியவர்கள் கிழவிகள்.

1982இல் வெலிங்டனுக்கு அருகே வைனுயோமாட்டாவில் முதல் ‘கோஹங்கா ரியோ’ தொடங்கியது. பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கான மொழிக்கூடு அது. மொழியைச் சரளமாகப் பேச முதியவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே அவர்களே ஆசிரியர்கள். பலரிடம் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் எதுவும் கிடையாது. வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் மாவோரி மொழி மட்டும்தான். பிரார்த்தனை, பாட்டு, சாப்பாடு, விருந்தாளியை வரவேற்கும் முறை, தன் குலவழியைச் சொல்லுதல் எல்லாம் அந்த மொழியிலேயே நடந்தன. மொழியை இழந்திருந்த இளம் பெற்றோர் பலர் பிள்ளைகளோடு சேர்ந்து தாங்களும் கற்றார்கள். சில ஆண்டுகளில் இத்தகைய கூடுகள் நூற்றுக்கணக்கில் பெருகின. எந்த வீட்டுப் பேச்சைப் பள்ளிக்கூடம் படிப்புக்குத் தடை என்று ஒதுக்கியதோ, அந்தப் பேச்சிலேயே குழந்தைகள் உலகத்தைக் கற்றார்கள். கல்வி வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான காரியம் அதிகம் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இந்தக் குழந்தைகள் ஐந்து வயதில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனதும் அந்த மொழி கரையத் தொடங்கியது. பெற்றோர் சும்மா இருக்கவில்லை. 1985இல் மேற்கு ஆக்லாந்தின் ஹோவானி வைத்திதி சமூகக்கூடத்தில் மாவோரிவழி ஆரம்பப் பள்ளியைத் தாங்களே தொடங்கினார்கள். அரசின் சட்ட அங்கீகாரம் 1989இல்தான் வந்தது.

என்றாலும் பெரும்பாலான மாவோரிப் பிள்ளைகள் இன்றும் ஆங்கிலப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். 2001இல் வைக்காட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ரஸ்ஸல் பிஷப்பின் குழு அந்தப் பிள்ளைகளிடமே போய்ப் பேசியது. படிப்பு ஏறுவதும் ஏறாததும் ஆசிரியர் தங்களை எப்படி நடத்துகிறார் என்பதைப் பொறுத்தது என்றார்கள் மாணவர்கள். பெற்றோரும் அதையே சொன்னார்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் மட்டும் பிள்ளையின் வீட்டையும் வளர்ப்பையும் காரணம் காட்டினார்கள். 1867இன் சட்டம் எந்த எண்ணத்தில் எழுதப்பட்டதோ, அதே எண்ணம் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாகியும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தது.

இந்த எண்ணத்தை மாற்றத்தான் ‘தே கோட்டாஹிடாங்கா’ என்ற ஆசிரியப் பயிற்சித் திட்டம் வந்தது. பயிற்சியாளர் வகுப்பிலேயே உட்கார்ந்து கவனிப்பார். பிறகு ஆசிரியரோடு பேசுவார். பிள்ளையின் பெயரைச் சரியாக உச்சரிப்பது, அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து பாடத்தைத் தொடங்குவது, அவனால் முடியும் என்று நம்பி எதிர்பார்ப்பது போன்றவற்றில் ஆசிரியர்கள் பழக வேண்டியிருந்தது. திட்டம் நன்றாக நடந்த பள்ளிகளில் மாவோரி மாணவர்களின் தேர்ச்சி உயர்ந்தது. ஆனால் 2013இல் அத்திட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது. ஆசிரியரின் மனம் மாறுவதற்கு ஆண்டுகள் பிடிக்கும். அதற்கான பணத்தை இடையில் நிறுத்தாமல் தருவது அரசின் கடமை.