‘கொலைவெறி’ப் பாடலின் உகரம்

2011 நவம்பர் 16ஆம் நாள் யூடியூபில் வெளியான ‘ஒய் திஸ் கொலைவெறி டி’ பாடல் தமிழாசிரியர்களிடையே எழுப்பிய முகச்சுளிப்பு இன்னும் முற்றாக நீங்கவில்லை. மொழிச்சிதைவுக்குச் சான்று தேடுவோர் அதனையே முதலில் எடுத்துக்காட்டுவர். அக்கருத்து மறுஆய்வுக்கு உரியது என நாம் கருதுகிறோம்.

ஐஸ்வர்யா இயக்கி 2012இல் வெளிவந்த ‘3’ திரைப்படத்திற்காக இப்பாடல் உருவானது. இசையமைத்த அனிருத்துக்கு அது முதற்படம். அப்போது அவருக்கு வயது 21. எழுதிப் பாடியவர் தனுஷ். முழுமைபெறாத பதிவு ஒன்று இணையத்தில் கசிந்தபின், ஒலிப்பதிவுக் கூடத்துக் காட்சிகளோடு சோனி மியூசிக் அதனை முறையாக வெளியிட்டது. சில வாரங்களில் பாடல் தமிழறியாதார் நாவிலும் புகுந்தது. இந்திக் கவிஞர் ஜாவேத் அக்தர் வரிகளைக் குறைகூறினார். ஆயினும், அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் பிரதமருக்கு மன்மோகன் சிங் அளித்த விருந்துக்குத் தனுஷ் அழைக்கப்பட்டார்.

இப்பாடலின் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலம், இலக்கணமோ தமிழ். ‘ஒயிட்டு’, ‘நைட்டு’ என்பன வன்றொடர்க் குற்றியலுகரமாகவும், ‘சாங்கு’ மென்றொடராகவும் ஒலிக்கின்றன. ‘மூனு’, ‘கலரு’ ஆகியவற்றில் உகரம் வல்லினத்தை ஊர்ந்து வரவில்லை. ஆதலின் அவை குற்றியலுகரம் ஆகா. வகுப்பில் இவ்வேறுபாட்டை விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு நமக்குக் கிட்டியதில்லை! மேலும், ‘டிஸ்டன்ஸ்’ என்பதன்மேல் ‘ல’ என்னும் பேச்சுவழக்கு வேற்றுமை உருபு ஏறுகிறது. நிலவின் நிறம் கூறுமிடத்தில் ஆங்கிலம் வேண்டும் ‘இஸ்’ இல்லை. பெயரே பயனிலையாய் நிற்கிறது. பிறமொழிச் சொல் தமிழ் ஒலிக்கு இசைந்து வரவேண்டும் என்னும் தொல்காப்பியர் வடசொல்லுக்கு வகுத்த நெறியைப் பாடலாசிரியர் அறியாமலே பின்பற்றியுள்ளார் எனலாம்.

எனினும் சிங்கப்பூர்ச் சூழல் வேறு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியருள் வீட்டில் ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசுவோர் 41.6 விழுக்காட்டினர், தமிழ் பேசுவோர் 36.7 விழுக்காட்டினர். இங்குக் கலப்பு தலைகீழாக நிகழ்கிறது: ஆங்கிலத் தொடருக்குள் ஓரிரு தமிழ்ச்சொற்கள். தமிழகத்து இளைஞர் அப்பாடற் காதலனோடு சேர்ந்து சிரித்தனர். நம் மாணவர் அவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடும். 1974இல் டிக் லீயின் ‘ஃபிரைட் ரைஸ் பாரடைஸ்’ பாடல் சிங்கிலிஷ் கலந்தது என்பதற்காக இந்நாட்டு வானொலியில் தடைசெய்யப்பட்டதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பாமரர் ஒலிப்பு ஏட்டுக்கும் வானொலிக்கும் ஆகாது என்னும் எண்ணம் தமிழாசிரியர்க்கு மட்டும் உரியதன்று.

குவீன்ஸ்டவுனில் வளர்ந்த மாணவி ஒருவர் நம் வகுப்பில் இப்பாடலைக் கேட்டு முதலில் வாய்விட்டுச் சிரித்தார். உகரங்களை ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதியபின் சற்று அமைதியானார். “எங்கள் பாட்டியும் ‘பஸ்ஸு’, ‘மார்க்கெட்டு’ என்றுதான் சொல்வார். தப்பாகப் பேசுகிறார் என்று இவ்வளவு நாளும் திருத்திக்கொண்டிருந்தேன், சார்” என்றார்.